மகளை வளர்க்கும் இலக்கியம்: பொறுமையும் உறுதியும்

பெண்பிள்ளைகளைத் தன்னம்பிக்கையும் மனத்திண்மையும் உடையவராய் வளர்ப்பது எங்ஙனம் என்று கூறும் நூல்களும் கட்டுரைகளும் இன்று எமது மொழியிற் பெருகி வருகின்றன. பரிசளிப்பு விழாக்களிலும் பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களிலும் இப்பொருளைத் தொடாது பேசி அமர்பவர் அரியர். மகளைப் பாராட்டுங்கள், அவள் சொல்லுக்குச் செவி கொடுங்கள், தோல்வி கண்டு துவளாதிருக்கப் பழக்குங்கள் என்பன அவ்வுரைகளின் சாரம். இவற்றிற் குற்றங் காண்பது எமது நோக்கமன்று. ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பாதிருக்க முடியவில்லை. தன்னம்பிக்கை என்பது தாய்தந்தையர் தமது சொல்லினால் மகளின் உள்ளத்தில் வார்த்துவிடக்கூடிய ஒரு பொருளா? அன்றி, அவள் காலூன்றி நிற்பதற்குக் கிடைக்கும் நிலத்தைப் பொறுத்து விளைவதா?

இதற்கு விடை காண அறிவுரை நூல்களைக் காட்டிலும் கதையும் கவிதையும் நாடகமுமே சிறந்த சான்றுகள் என்பது எமது துணிபு. அறிவுரை நூல் வீட்டினுள் நுழைவதற்கு முன்னரே கதையும் பாட்டும் நுழைந்துவிடுகின்றன. எத்தகைய பெண் போற்றப்படுகின்றாள், எத்தகையவள் தண்டிக்கப்படுகின்றாள் என்பதை ஒரு சிறுமி அவற்றிலிருந்தே முதலில் அறிகின்றாள். எமது இலக்கியம் நெடுங்காலமாகப் பெண்ணின் வலிமை என்று எதனைப் போற்றி வந்தது? பெரும்பாலும் பொறுமையையே. துன்பத்தை வாய்திறவாது தாங்குபவளே உயர்ந்தவள் என்ற கருத்துப் பாட்டியின் கதையிலிருந்து பாடநூல் வரை பரவிக் கிடக்கின்றது. இன்று அப்பழைய சரக்கே ‘மனத்திண்மை’ என்னும் புதிய பெயரில் விலைபோகும் அபாயம் உண்டு. ஆகவே, பொறுமை வேறு, உறுதி வேறு என்பதை முதலில் வரையறை செய்துகொள்ளல் நலம். நேர்ந்ததைத் தாங்குவது பொறுமை. நேரக்கூடாததை மறுத்து, மறுத்ததன் விளைவுகளுக்கிடையிலும் நிலைத்து நிற்பது உறுதி. தாங்குவதற்கு நெஞ்சம் ஒன்றே போதும். மறுப்பதற்கோ நெஞ்சத்தோடு வேறு சிலவும் வேண்டும். அவை யாவை என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1879ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரு நூல்கள் உலகின் இரு மூலைகளில் வெளிவந்தன. ஒன்று, தமிழின் முதல் நாவல் எனக் கொள்ளப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. மற்றையது, நோர்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் எழுதிய ‘பொம்மை வீடு’.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக உத்தியோகம் பார்த்தவர். பெண் கல்வியை வற்புறுத்தி உரைநடையிலும் செய்யுளிலும் எழுதியவர். அவருடைய நாவலின் உண்மையான தலைமை மாந்தர் பிரதாப முதலியார் அல்லர். அவர் மனைவி ஞானாம்பாளே. கல்வியிலும் யோசனையிலும் கணவனை விஞ்சியவள் அவள். ஆபத்துக் காலத்திற் கலங்காதவள். கதையின் ஒரு கட்டத்தில் ஆணுடை தரித்து, ஒரு நாட்டையே நீதி வழுவாது ஆள்கின்றாள். பெண்பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவதே விவாதத்துக்குரியதாயிருந்த ஒரு காலத்தில், பெண்ணின் அறிவு ஆணின் அறிவுக்குக் குறைந்ததன்று என்று கதையாக்கிக் காட்டியமை வேதநாயகம் பிள்ளையின் பெருமை. அக்காலச் சூழலில் வைத்து நோக்குவோர் இதனை மறுக்கமாட்டார்.

ஆயினும், ஞானாம்பாளின் ஆற்றல் எங்கே வெளிப்படுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். அது வெளிப்படுவது எந்த வரைபடத்திலுமில்லாத ஒரு கற்பனை நாட்டில். அதுவும் ஆண் வேடத்தில். வேடங் களைந்ததும் அரசு நீங்குகின்றது. அவள் மீண்டும் இல்லத்தரசியாகின்றாள். ஆள வேண்டுமாயின் பெண் என்பதை மறைக்க வேண்டும். பெண்ணாக வாழ வேண்டுமாயின் ஆள்வதைக் கைவிட வேண்டும். மகளுக்கு அறிவைக் கொடுக்கலாம். அவ்வறிவு நடமாடுவதற்கு இடத்தைக் கொடுக்க இன்னும் காலம் வரவில்லை என்ற எண்ணத்தையே இக்கதையமைப்பு அறிந்தோ அறியாமலோ வெளியிடுகின்றது.

இப்சனின் நோரா இதற்கு நேர்மாறானவள். அவளுக்குக் கல்விப் பெருமை எதுவுமில்லை. ஆனால் அன்பிற்கும் பாராட்டிற்கும் குறைவில்லை. தந்தை அவளைப் பொம்மைக் குழந்தையென்று கொஞ்சி வளர்த்தார். தந்தையின் கையிலிருந்து கணவனின் கைக்கு அப்பொம்மை மாறிற்று. இன்றைய அறிவுரையாளர் வேண்டுகின்ற புகழ்மொழிகள் அனைத்தும் அவளுக்குக் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றே: தன் பெயரில் ஒரு காரியத்தைச் செய்யும் உரிமை. நோயுற்ற கணவனைக் காப்பதற்குக் கடன் வாங்க வேண்டிய நிலை வந்தபோது, கணவனின் சம்மதமின்றி மனைவி கடன் பெற இயலாது என்று அந்நாட்டு வழக்கு அவளைத் தடுத்தது. அதனால் தந்தையின் கையொப்பத்தைத் தானே இடுகின்றாள். நாடகத்தின் சிக்கல் முழுவதும் இதனின்றே முளைக்கின்றது. ஈற்றில், தன்னையறிய வேண்டுமென்று கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகின்றாள். 1880இல் ஜெர்மனியில் இந்நாடகம் மேடையேறியபோது, வெளியேறும் பெண்ணாக நடிக்க அங்குள்ள ஒரு புகழ்பெற்ற நடிகை மறுத்தார். பிறர் கைவைப்பதற்கு முன்னர் இப்சனே வேறொரு முடிவை எழுதிக் கொடுக்க நேர்ந்தது. குழந்தைகளைக் காட்டி நோராவை வீட்டிலேயே தங்கவைக்கும் அம்முடிவை அவரே பின்னர் ஒரு கொடுமையென வெறுத்துரைத்தார். ஒரு பெண் கதவைத் திறந்து வெளியே செல்வதை மேடையிற் காணவும் அக்காலத்து நடுத்தர வர்க்கம் அஞ்சிற்று என்பதற்கு இது சான்று.

நோரா வெளியேறியதோடு இப்சனின் திரை விழுகின்றது. திரை விழுந்த பின் அவளுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியை எழுப்பியவர் சீனத்தின் மாபெரும் எழுத்தாளர் லூ சுன். 1923ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் பீக்கிங் நகரில், ஆசிரியத் தொழிலுக்குப் பயிலும் பெண்களின் கலாசாலையொன்றில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு இக்கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களோ நோராவைத் தமது வழிகாட்டியாக எண்ணிய இளம்பெண்கள். அவர்களைப் புகழ்ந்து பேசிக் கைதட்டல் பெறுவது எளிது. லூ சுன் அதனைச் செய்யவில்லை. நோராவுக்கு முன் உள்ளவை பெரும்பாலும் இரண்டே வழிகள்; ஒன்று சீரழிவது, மற்றையது வீட்டுக்குத் திரும்புவது என்று கூறினார். கூண்டிலிருந்து பறந்த பறவைக்கு வெளியே பருந்தும் பூனையும் காத்திருக்கின்றன. ஆகவே, விழித்தெழுந்த உள்ளத்தோடு அவள் கைப்பையில் வேறொன்றும் இருத்தல் வேண்டும். வெளிப்படையாகச் சொல்வதாயின், பணம் வேண்டும் என்றார்.

இவ்வுரையை ‘பணம் வேண்டும்’ என்ற ஒரு வாக்கியமாகச் சுருக்கி மேற்கோள் காட்டுவோர் உளர். அது லூ சுன்னுக்குச் செய்யும் அநீதி. அவ்வுரையில் வேறு மூன்று கருத்துக்களும் உள்ளன. மகளிர் வளர்ப்புப் பற்றிப் பேசுவோர் மனங்கொள்ள வேண்டியவை அவையே. முதலாவது, பெற்றோரின் அதிகாரத்தைப் பற்றியது. அவ்வதிகாரம் பிள்ளைகளை அடக்குவதற்கே பயன்பட்டு வந்துள்ளது. நாளை நீங்கள் பெற்றோராகும்போது அதே அதிகாரத்தைக் கொண்டு உங்கள் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் சொத்தைச் சமமாகப் பகிர்ந்து அவர்களை விடுதலை செய்யுங்கள் என்றார். இரண்டாவது, மறதியைப் பற்றியது. அடிபட்ட மருமகள் மாமியாரானதும் தான் அடிபட்டதை மறந்துவிடுகின்றாள். ஆகையாற் பட்டதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்றாவது, போராட்டத்தின் இயல்பைப் பற்றியது. ஊரைத் திகைக்கவைக்கும் ஒருநாட் தியாகத்தைவிட, ஆரவாரமற்ற, விடாப்பிடியான, நெடுநாட் போராட்டமே பயன் தரும் என்றார். நாம் மேலே உறுதி என்று வரையறுத்தது இவ்விடாப்பிடியையே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1925இல், தமது கூற்றை ஒரு சிறுகதையாகவும் லூ சுன் எழுதினார். அக்கதையின் நாயகி, தான் தனக்கே உரியவள், தன்மீது தந்தைக்கோ சிறிய தந்தைக்கோ உரிமையில்லை என்று துணிந்து கூறி, விரும்பியவனோடு தனிக்குடித்தனம் புகுகின்றாள். அவளிடம் தன்னம்பிக்கை நிறைய இருந்தது. அவன் உத்தியோகம் போயிற்று, அடுப்பு அணைந்தது, அன்பும் வற்றியது. அவள் தந்தையின் வீட்டுக்குத் திரும்பி அங்கே மடிகின்றாள். துணிவை மட்டும் ஊட்டி மகளை வெளியே அனுப்பும் உலகம் அவளுக்குச் செய்வது என்ன என்பதற்கு இதனினும் கடுமையான விமர்சனம் இல்லை.

இவ்விடத்திற் பாரதியை நினையாதிருக்க இயலாது. தமிழிற் பெண்குழந்தையை நேராக விளித்து, அஞ்சாதே, எதிர்த்து நில் என்று பாடிய முதற்பெருங்கவிஞன் அவனே. ‘பாப்பாப் பாட்டு’ பிறக்கும்வரை குழந்தைக்குரிய நீதிகள் பெரும்பாலும் அடக்கத்தையே போதித்தன. கொடியவர்களைக் கண்டு அஞ்சலாகாதென்று ஒரு சிறு பெண்ணுக்குக் கூறியது தமிழ் நீதி இலக்கியத்தில் ஒரு புரட்சி எனலாம். எனினும் கட்டளை வேறு, அதனை நிறைவேற்றும் வகை வேறு. பாரதிக்குப் பின் வந்த அடியார் கூட்டம் கட்டளையை மேடைதோறும் ஒப்பித்தது. நெருப்பு, புயல், சிங்கம் என்று பெண்ணை வருணிக்கும் கவிதைகள் மலிந்தன. அந்நெருப்பு எந்த அடுப்படியில் நிற்கின்றது, அச்சிங்கம் வீடு திரும்புவதற்குப் பேருந்துண்டா என்று அவை கேட்கவில்லை. பாரதியின் கனவைக் கனவென்று தள்ளுவது எமது கருத்தன்று. அக்கனவுக்கு அத்திவாரமிடாமற் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவோரையே நாம் குறைகூறுகின்றோம்.

நிற்க. எமது நாட்டின் நிலைமையை நோக்குவோம். உடுவிலிற் பெண்கள் பாடசாலை தொடங்கியது 1824இல். ஆசியாவிலேயே பழைமையான பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் அது ஒன்று. பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியை 1913இல் நிறுவினார். 1914இல், உடுவில் தந்த கல்வியின் பயனாக, மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலை வெளியிட்டார். ஈழத்துப் பெண்ணொருத்தி எழுதிய முன்னோடி நாவல் அது. விவிலியச் சங்கீதத்தின் சொற்றொடரைத் தலைப்பாகக் கொண்ட அந்நூல், மணவாழ்விற் பெண் படும் துயரைப் பெண்ணின் கண்கொண்டு நோக்குகின்றது. யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பத்தின் கதவை உள்ளிருந்து திறந்து காட்டிய பெருமை அதற்குண்டு. ஆயினும் அதன் தலைப்பே கூறுவதுபோல, நொறுங்கிய நெஞ்சத்தின் பொறையே அங்கு மேலான பண்பு. எழுதுகோலைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட மகள், அவ்வெழுதுகோலால் முதலில் எழுதியது தாங்குவதன் மாண்பை.

அதற்குக் காரணம் ஆசிரியையின் திறக்குறைவன்று. கல்வி வந்த வழியாகவே வேறு சில விலங்குகளும் வந்தன. 1911ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, விவாக உரிமையும் வழியுரிமையும் பற்றிய யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தை நோக்குக. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் அவள் பெயரிலேயே எழுதப்பட்டன. ஆனால் மணமானவள் தனது அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. கணவன் நியாயமின்றி மறுப்பின் நீதிமன்றத்தை நாடலாம், அவ்வளவே. கடன் பெறக் கணவனின் சம்மதம் வேண்டியிருந்த நோராவுக்கும், தன் காணியை விற்கக் கணவனின் கையொப்பத்துக்குக் காத்திருந்த யாழ்ப்பாணத்து மகளுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. சீதனம் கொடுத்தோம், ஆகவே மகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டோம் என்று எமது சமுதாயம் பெருமை பேசியது. லூ சுன் கூறிய சமபங்கீடு இதுவன்று. உறுதியிற் பெயர் அவளுடையது. உரிமை மற்றொருவன் கையில்.

அரசியலிலும் இதே முரண்பாட்டைக் காணலாம். டொனமூர் ஆணைக்குழு 1927இல் இலங்கை வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கோரி இந்நாட்டுப் பெண்கள் ஒரு சங்கமாகத் திரண்டனர். அவ்வுரிமையை எதிர்த்த பெருந்தலைவர்களுள் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பெண்ணின் கையில் ஏட்டைக் கொடுத்தவர் அதே கையில் வாக்குச்சீட்டைக் கொடுக்கத் தயங்கினார். நல்ல மனைவியாவதற்குக் கல்வி, ஆனால் நாட்டை நடத்துவதற்கு அன்று என்ற கொள்கை அவர் ஒருவருக்கே உரியதன்று. அவருடைய வர்க்கத்தின் கொள்கை அது. ஞானாம்பாள் வேடங் களைந்ததும் அரசைத் துறக்க நேர்ந்ததன் பொருள் இப்பொழுது தெளிவாகும். ஆனால் வரலாறு அக்கொள்கைக்குக் காத்திருக்கவில்லை. 1931இற் சர்வசன வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1945இல் இலவசக் கல்வி வந்தது.

இலவசக் கல்வியின் பயனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. இன்று எமது பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாவோருட் பெண்களே பெரும்பான்மையினர். ஆயின், தொழில் புரியும் வயதுப் பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே இந்நாட்டின் தொழிற்படையிற் சேர்ந்துள்ளனர். பரீட்சை மண்டபத்தில் நிறைந்திருக்கும் மகளிர் தொழிற்களத்துக்கு வருமுன் எங்கே மறைகின்றனர்? அவர்களிடம் தன்னம்பிக்கை போதாதென்று கூறுபவர் வீட்டையும் வீதியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் நலம்.

மேலும், மகள் என்று நாம் பொதுப்படக் கூறும்போது எவருடைய மகளைக் கருதுகின்றோம்? மலைநாட்டுத் தோட்டத்து லயத்தில், தம்பி தங்கையரைப் பார்ப்பதற்காகப் படிப்பை நிறுத்திய மூத்த பெண் இவ்வறிவுரை நூல்களின் எப்பக்கத்தில் வருகின்றாள்? தாய் கொழுந்து பறிக்கச் செல்ல, அடுப்பும் தண்ணீர்க் குடமும் அவள் பொறுப்பாகின்றன. 1945இன் இலவசக் கல்வி தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஒரே மலையில், ஒரே மழையில் உழைத்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி சட்டப்படி கிடைத்தது 1984இல். அக்கூலியையும் தந்தையோ கணவனோ சென்று பெற்றுவருவது பல தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. கொழுந்துக்கூடையைச் சுமக்கும் தோளுக்குத் திண்மையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தன் உழைப்பின் பயனைத் தன் கையில் வாங்கும் உரிமையே அங்கு முதற் பாடம். 1930களிலும் 1940களிலும் நடேசையரோடு தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரின் நிலையைப் பாட்டாகப் பாடிய மீனாட்சியம்மையின் பணி எமது இலக்கிய வரலாறுகளில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. கூட்டத்தின் முன் நின்று குரலெடுத்துப் பாடிய ஒரு பெண்ணை அத்தோட்டங்களின் சிறுமியர் கண்டனர் என்பதே ஒரு கல்வியாகும்.

இவ்வளவும் கூறியதும் எதிர்வாதி ஒருவர் கேட்கலாம்: ‘அப்படியாயின், கூலியும் காணியும் கிடைத்தால் மகள் உறுதி பெற்றுவிடுவாளா? பொருளியல் ஒன்றே போதுமா?’ போதாது. தமிழிலே இதனை நன்கு காட்டிய எழுத்தாளர் ஜெயகாந்தன்.

1966இல் அவர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில், மழை நாளொன்றில் ஓர் அந்நியனின் காரிலேறிய கல்லூரி மாணவி கெடுக்கப்பட்டு வீடு திரும்புகின்றாள். ஏழை விதவையான தாய் முதலில் அடிக்கின்றாள். பின்னர் மகளின் தலையில் நீரை வார்த்து, நீ தூய்மையாகிவிட்டாய், இனி இதனை நினையாதே என்று அவளைத் தேற்றுகின்றாள். கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அத்தாய் அங்ஙனம் செய்யாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்ற கேள்விக்கு விடையாக 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவல் நூலாக வெளிவந்தது. இங்கே தாய் கூக்குரலிடுகின்றாள், ஊர் அறிகின்றது, தமையன் அவளை வீட்டைவிட்டு விரட்டுகின்றான். கங்கா படிக்கின்றாள், நல்ல சம்பளத்தோடு உத்தியோகம் பார்க்கின்றாள். லூ சுன் கேட்ட பணம் அவள் கைப்பையில் இருக்கின்றது. ஆயினும், படிக்கவைத்த மாமனே அவளை வேட்டைப் பொருளாக நோக்குகின்றார். ஊர் அவள்மேல் எழுதிய தீர்ப்பு அவளுக்குள்ளும் குடியேறிவிடுகின்றது. சம்பளம் அவளைப் பட்டினியிலிருந்து காத்தது, தனிமையிலிருந்து காக்கவில்லை. பொருளுரிமை பெற்ற பெண்ணும் ஆட்டுவிக்கப்படும் பாவையாக இருக்கக்கூடும் என்பதை லூ சுன்னும் தமது உரையிலேயே மறைக்காமற் கூறியிருந்தார்.

இவ்விரு கதைகளையும் ஒப்புநோக்கும் விமர்சகர் பலர் முதற்கதையின் தாயை வானளாவப் புகழ்வர். ஒரு தாயின் சொல் மகளின் வாழ்வை மாற்றவல்லது என்பது மெய்யே. ஆனால் அத்தாயும் அண்டை அயலுக்கு உண்மையை மறைத்தே மகளைக் காக்கின்றாள் என்பதை மறந்துவிடலாகாது. குற்றம் இழைத்தவன் இரு கதைகளிலும் தண்டனையின்றித் தப்புகின்றான். அவன் செயலைக் கழுவும் வேலை ஓர் ஏழைத் தாயின் குளியலறைக்குள் ஒடுங்கிவிடுகின்றது. மகளை மீட்பது தாயின் கருணையாக மட்டும் இருக்கும்வரை, கருணையற்ற வீட்டில் பிறந்தவளுக்கு மீட்சியில்லை. சமுதாயம் செய்யவேண்டியதைத் தாயின் தலையிற் சுமத்தும் மரபுக்கு ஜெயகாந்தனின் முதற்கதையும் முற்றிலும் விலக்கன்று; அவருடைய நாவலே அக்கதைக்குச் சிறந்த விமர்சனம்.

தாய் பற்றிய இம்மயக்கத்தை முற்றாகக் கலைத்தவர் அம்பை. 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையில், முதன்முதலாகப் பூப்பெய்திய சிறுமி அச்சத்தோடு தாயின் வருகைக்குக் காத்திருக்கின்றாள். தன் உடலுக்கு நேர்ந்தது என்ன என்பதைத் தாய் அழகான ஒரு சொல்லால் விளக்குவாள் என்பது அவள் நம்பிக்கை. உறவுப் பெண் ஒருத்தி கறுப்பி என்பதால் வரன் தட்டிப்போன எரிச்சலோடு வீடு திரும்பும் தாய், இதற்குள் என்ன அவசரம் என்ற கருத்துப்பட ஒரு சொல்லை வீசுகின்றாள். கொலை அதுவே. கொன்றவள் கொடியவளா? அல்லள். மகளை அவள் அன்போடு வளர்த்தவளே. மணச்சந்தை பெண்ணின் தோலுக்கு இட்ட விலை, அந்தத் தாயின் வாய்வழியாகத் தன் மகளைச் சென்று தாக்கியது. ஒருகாலத்தில் தானும் அஞ்சி நின்ற சிறுமி என்பதைத் தாய் அக்கணத்தில் மறந்தாள். லூ சுன் எச்சரித்த மறதி இதுவே. எழுத்தின் பணிகளுள் ஒன்று இம்மறதிக்கு எதிராக நினைவைக் காத்தல். அம்பை செய்தது அப்பணி.

ஈழத்திலும் அந்நினைவுப் பணி நடந்துள்ளது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டத்தினர் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டனர். போரும் ஊரடங்கும் சூழ்ந்த காலம் அது. அதனை எமது வாதத்துக்கு முக்கியமாக்குவது ஒன்றுண்டு. அது தனியொரு வீராங்கனையின் குரலன்று. பல பெண்கள் ஒருங்கே நின்று பேசிய நூல். சீதனம், மணம், தனிமை, போர் என்று ஒவ்வொருத்தி தன் வீட்டுக்குள் தன் குறையென்று எண்ணியிருந்தது, மற்றவளின் கவிதையிற் பொதுக்குறையாகத் தெரியவந்தது. கங்காவுக்குக் கிடையாது போனது இத்தகைய தோழமையே. பொறுமை தனிமையில் வளரும். உறுதிக்குக் கூட்டம் வேண்டும்.

ஆகவே, எமது முடிபுகளைத் தொகுத்துக் கூறலாம். மகளின் தன்னம்பிக்கை பெற்றோரின் சொல்லால் மட்டும் விளைவதன்று. தன் பெயரில் உள்ளதைத் தானே ஆளும் உரிமை, தன் கூலியைத் தானே வாங்கும் கை, தீங்கு நேர்ந்தபோது நாணமின்றிச் சென்று பேசக்கூடிய தோழமை, தாயும் ஆசிரியரும் தாம் பட்டதை மறவாதிருத்தல் ஆகிய நான்கும் அவள் காலின் கீழுள்ள நிலம். இந்நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது, நீ திண்மையாயிரு என்று மகளுக்கு உபதேசிப்பது, சமுதாயத்தின் கடனை அவள் கணக்கில் எழுதுவதாகும். துன்பம் நீங்காதிருக்கத் தாங்கும் ஆற்றலை மட்டும் கூட்டுகின்ற கல்வி யாருக்குப் பயன்படுகின்றது என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது வீரப் பெண்களின் உருவங்களையல்ல. அத்தகைய உருவங்கள் போதிய அளவு உள்ளன. தாயும் மகளும் ஒரு காணி உறுதியை மேசைமீது விரித்து வாசிக்கும் கதை எமக்கு வேண்டும். அண்ணன் பரீட்சைக்குப் படிக்கும் அதே மாலையில் அதே பரீட்சைக்குப் படிக்கவேண்டிய தங்கை ஏன் பாத்திரம் துலக்குகின்றாள் என்று கேட்கும் கதை வேண்டும். மறுத்த பெண் மறுநாட் காலையில் என்ன செய்கின்றாள், எங்கே உண்கின்றாள், யாரோடு பேசுகின்றாள் என்பதைத் திரையை இறக்காமற் காட்டும் நாடகம் வேண்டும்.

இம்மாசிகையை வாசிப்போருள் ஆசிரியர் பலர். உங்கள் வகுப்பிற் ‘புதுமைப் பெண்’ என்று கட்டுரை எழுதச் சொல்கின்றீர்கள். மாணவியர் நெருப்பென்றும் புயலென்றும் எழுதித் தருகின்றனர். நீங்களும் நல்ல புள்ளி இடுகின்றீர்கள். அடுத்த முறை தலைப்பைச் சற்று மாற்றிப் பாருங்கள். உன் தாய் எதனை மறுக்க விரும்பினாள், மறுக்க முடியாதபடி அவளைத் தடுத்தது எது என்று எழுதச் சொல்லுங்கள். பையன்களையும் எழுதச் சொல்லுங்கள். அவ்வேடுகளைத் திருத்தும்போது, அம்மகளிருக்கு எதனைக் கற்பிக்க வேண்டும் என்பதோடு, எமது வீடுகளிலும் சட்டங்களிலும் எதனை மாற்ற வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.